முதலில் மூன்று அகப்பை: திருகோணமலையில் ஒரு சாப்பாட்டுக்கடை

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், பழைய ஓட்டு வீட்டின் முன்விறாந்தையை அடைத்து நடத்தும் சாப்பாட்டுக்கடை ஒன்று இருக்கிறது. எட்டு மாதங்களுக்கு முன் முதன்முறையாக அங்கே மதியச் சாப்பாட்டுக்கு அமர்ந்தபோது, எனக்கு வைத்த தட்டில் சிரட்டை அகப்பையால் அள்ளிய மூன்று அகப்பைச் சோறு மட்டுமே இருந்தது. நம் ஊர்க் கடைகளில் சோற்றைக் குவித்து, அதன் மேல் கறிகளை ஊற்றி, தட்டின் விளிம்பு தெரியாமல் கொண்டுவந்து வைப்பதுதான் வழக்கம். அப்படிச் சாப்பிட்டுப் பழகிய எனக்கு இது கஞ்சத்தனமாகத்தான் பட்டது. பரிமாறிய பெண் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். “தம்பி, சாப்பிடுங்கோ, முடிய முடியப் போடுவன், காசு ஒண்டுதான்” என்றார். அன்று நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எழுந்தபோது தட்டில் முருங்கைக்காய்ச் சக்கையும் இரண்டு மீன் முள்ளும் கறிவேப்பிலையும் தவிர வேறொன்றும் இல்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த வாளியைப் பார்த்தேன். இருபது பேருக்கு மேல் சாப்பிட்டு எழுந்த நேரம் அது. வாளியில் கால்வாசிகூட நிறைந்திருக்கவில்லை. அந்த வாளிதான் என்னைத் திரும்பத் திரும்ப அங்கே போக வைத்தது. இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். திடீரென்று கூட்டம் கூடினால் தன் அளவு தப்பும், அளவு தப்பினால் ஒன்று வந்தவர்கள் பசியோடு திரும்ப வேண்டும் அல்லது பானையில் மிஞ்ச வேண்டும், இரண்டும் தனக்கு ஆகாது என்பது அவருடைய காரணம். அதை மதிக்கிறேன். ஊரில் உள்ளவர்களுக்கு இந்த அடையாளங்களே போதும்.

முதலில் ருசியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாப்பாடு நன்றாக இல்லாத கடையில் மிச்சம் வைக்காமல் உண்ணச் சொல்வது நியாயமாகாது. சோறு சிவப்புப் புழுங்கல் அரிசி. தம்பலகாமம் பக்கத்திலிருந்து நேரே எடுக்கிறார்கள். பருக்கை உடையாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல், வாயில் மெல்லிய இனிப்போடு இருக்கும். நாள்தோறும் பருப்பும், ஒரு குழம்பும், ஒரு பாற்கறியும், ஒரு வறையும், சொதியும் உண்டு. மீன் வேண்டியவர்களுக்குக் குழம்பு மீனோ பொரித்த மீனோ கிடைக்கும், இறைச்சி சமைப்பதில்லை. பூசணிக்காயைத் தோல் சீவாமல் பெரிய துண்டுகளாக வெட்டி, கடுகு அரைத்து விட்டுச் சமைக்கிறார்கள். தோல் மெத்தென்று வெந்து, சதையைவிட அதுவே மணமாக இருக்கிறது. வாழைக்காய்க் கறி வைக்கும் நாளில் அதன் தோலை மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் சேர்த்து வறுத்துத் தருவார்கள். பலாப்பழக் காலத்தில் பலாக்கொட்டை பாற்கறியில் விழும். முள்ளங்கி வாங்கினால் அதன் இலையும் பீற்றூட் வாங்கினால் அதன் இலையும் வறையாகின்றன. இவற்றையெல்லாம் புதுமை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் அம்மம்மாமார் வீட்டில் செய்தவைதான். கடைச் சாப்பாட்டில்தான் காணாமற் போயிருந்தன.

மீன் விடயத்தில் இந்தக் கடையின் கவனம் தனியாகச் சொல்லத்தக்கது. முழு மீனாகத்தான் வாங்குகிறார்கள். பாரையோ அறக்குளாவோ வந்தால் நடுத்துண்டுகள் குழம்புக்கும் பொரியலுக்கும் போக, தலையும் வால்பக்கமும் எலும்பும் சொதிக்குப் போகின்றன. அந்தத் தலைச் சொதியைக் கேட்டு வாங்கிக் குடிக்க வேண்டும். பழப்புளி மட்டாக, மிளகு சற்றே தூக்கலாக, கடைசியில் முதற்பால் விட்டு இறக்கியிருப்பார்கள். சினை கிடைத்தால் அது தனியாகப் பொரிந்து, கேட்கும் பிள்ளைகளுக்குப் போகும். செதிலும் குடலும் பின்வளவுத் தென்னைகளின் அடியில் குழி வெட்டிப் புதைக்கப்படுகின்றன. அதே நேரத்தில், பிற்பகலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையையோ கும்பளாவையோ இவர்கள் வாங்குவதில்லை. அத்தகைய மீன்களில் சூடு ஏற ஏற ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. அது உருவான பின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, நாக்கு எரிந்து, தலையிடி வரும். வீணாக்காமல் இருப்பது என்பதைக் கெட்டதையும் தின்பது என்று சிலர் விளங்கிக்கொள்கிறார்கள். இந்தக் கடையில் அந்தக் குழப்பம் இல்லை.

இப்போது அந்த மூன்று அகப்பைக்கு வருகிறேன். கடைக்கார அம்மா சொன்னபடி, இந்த வழக்கம் 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் தொடங்கியது. முந்தைய ஆண்டு இரசாயன உரத்துக்குத் தடை வந்து நெல் விளைச்சல் விழுந்திருந்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம். அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அரிசி வாங்கிச் சமைத்து, அதில் ஒரு பங்கை வாளியில் கொட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை. விலையை ஏற்றினால் ஓட்டோ ஓட்டுகிற பிள்ளைகள் வரமாட்டார்கள். சாப்பாட்டின் அளவைக் குறைத்தால் பசி ஆறாது. அப்போதுதான் கோயில் மடத்துப் பந்தி நினைவுக்கு வந்ததாம். பந்தியில் யாரும் இலையில் மலை குவிப்பதில்லை. முதலில் அளவாக வைத்து, பிறகு வாளியும் கரண்டியுமாக வரிசையில் நடந்து, கேட்டுக் கேட்டுப் போடுவார்கள். போதுமென்றால் உண்பவர் இலையின் மேல் கையை மறிப்பார். அந்தப் பழக்கத்தைக் கடைக்குக் கொண்டுவந்ததுதான் அவர் செய்தது. நெருக்கடி தணிந்த பின்னும் அவர் அதைக் கைவிடவில்லை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல கடைகளில் கறிகளைச் சிறு கிண்ணங்களில் மேசைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். அந்தக் கிண்ணத்தில் மிஞ்சுவதை எறிந்தால் விரயம்; திரும்பப் பானையில் ஊற்றினால் அதைவிடப் பெரிய குற்றம். இங்கே மேசையில் தண்ணீர்ச் செம்பைத் தவிர ஒன்றும் இருக்காது. சோறும் கறியும் பரிமாறுபவரின் கையிலுள்ள பாத்திரத்தில்தான் இருக்கின்றன. அவர் வந்து போடுவார், போவார். ஆகவே வாடிக்கையாளரின் கை படாத உணவு கடைசிவரை கை படாததாகவே இருக்கிறது. நாளின் முடிவில் பானையில் மிஞ்சியதை மறுபடி பயன்படுத்தும் உரிமை அந்தச் சுத்தத்தினால்தான் வருகிறது.

அடுக்களையைப் பார்க்க ஒருநாள் அனுமதி கிடைத்தது. சுவரில் ஒரு ஆணியில், நூல் கட்டிய ஒற்றைக்கோட்டுக் கொப்பி ஒன்று தொங்குகிறது; எண்ணெய் பட்டு அட்டை கறுத்திருக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி: திகதி, கிழமை, மழையா வெயிலா, பள்ளிக்கூடம் உண்டா இல்லையா, எத்தனை பேணி அரிசி போட்டது, எத்தனை பேர் சாப்பிட்டது, பானையில் எவ்வளவு மிச்சம், வாளியில் எவ்வளவு. அளவுக்கு வைத்திருப்பது பழைய பால்பேணி ஒன்று. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மரக்கறிக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார். அன்று சைவர்கள் மீன் தொடமாட்டார்கள், ஆனால் ஜும்ஆத் தொழுகை முடிந்து வருபவர்களுக்கு மீன் வேண்டும், அவர்கள் ஒரு மணிக்குப் பிறகுதான் வருவார்கள் என்று விளக்கினார். கந்தசஷ்டி நாட்களின் பக்கங்களில் மீன் என்ற சொல்லே இல்லை. போயா விடுமுறைக்குப் பேணிக் கணக்கு ஏறக்குறைய பாதியாகிறது. பெரிய நிறுவனங்கள் கணினியில் போட்டுச் செய்யும் கணிப்பை இவர் பென்சிலால் செய்துகொண்டிருக்கிறார், அதுவும் நாள் தவறாமல்.

சோற்றை இரண்டு உலையாக வைப்பது அந்தக் கொப்பி தந்த பாடம். பதினொன்றே காலுக்கு முதற்பானை இறங்கும். பன்னிரண்டேகால் மணிக்கு, அதுவரை வந்தவர்களின் எண்ணிக்கையையும் கொப்பியில் போன கிழமைக் கணக்கையும் பார்த்துத்தான் இரண்டாம் உலைக்கு அரிசி களைகிறார். கறிகளிலும் இதே முறை: காய்களைச் சேர்த்து அவித்து வைத்துவிட்டு, தேங்காய்ப்பாலைத் தேவைக்குத் தேவை சேர்க்கிறார்கள். பால் சேர்த்த கறிதான் நம் வெயிலில் முதலில் புளிக்கும் என்பது சமைப்பவர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாலைப் பிந்திச் சேர்த்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று யோசித்துச் செய்பவர்கள் குறைவு.

பிற்பகல் மிஞ்சும் சோறு மறுநாள் காலையில் பழஞ்சோற்றுக் கஞ்சியாகிறது. ஆறரை மணி முதல் எட்டரை மணி வரை அது கிடைக்கும், 150 ரூபாய். தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி, பக்கத்தில் தணலில் சுட்ட கருவாட்டுத் துண்டு. கடலுக்குப் போய்க் கரையேறிய மீனவர்களும், முதல் பேருந்தில் இறங்கியவர்களும், என்னைப் போல இதற்காகவே விடியலில் எழுந்து வருபவர்களும் வாங்கில் அமர்ந்து குடிக்கிறோம். என் கணிப்பில் இந்தக் கடையின் மிகச்சிறந்த பண்டம் மதியச் சாப்பாடு அல்ல, இந்தக் கஞ்சிதான்.

பழஞ்சோறு என்றதும் பயப்படுபவர்களுக்காக இதையும் எழுதுகிறேன், ஏனெனில் பயத்தில் நியாயம் உண்டு. வெந்த சோற்றில் உயிரோடு தங்கும் ஒருவகைக் கிருமி, சோறு சூடு ஆறி வெளியே கிடக்கும்போது பெருகி நஞ்சு விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஐந்து பாகை முதல் அறுபது பாகை வரையான வெப்பநிலையில் சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பின் அடிப்படை விதி. இங்கே மதியம் முழுவதும் சோற்றுப்பானை தணலின் மேல் சூடாகவே இருக்கிறது. பரிமாறி முடிந்ததும் மிச்சச் சோற்றை அகலமான தட்டங்களில் மெல்லிய படையாகப் பரப்பி, விசிறியின் கீழ் சட்டென ஆற்றி, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். காலையில் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்க வைத்த பின்தான் கஞ்சியாக்குகிறார்கள். இரவு முழுவதும் வெறுமனே தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைக்கும் பழைய முறையின் மணம் இதில் சற்றுக் குறைவுதான். கடைக்கு இதுவே சரியான வழி என்று நினைக்கிறேன். நூறு பேருக்குக் கொடுப்பவர் வீட்டில் ஒருவருக்குச் செய்வதுபோல் துணிய முடியாது.

தட்டைப் பற்றி ஒரு சொல். நம் நகரத்துக் கடைகளில் தட்டின் மேல் லஞ்ச் சீற் விரித்துச் சோறு போடுவது வழக்கமாகிவிட்டது. தட்டுக் கழுவும் வேலை மிச்சம். பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்கு 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதி முதல் தடை இருக்கிறது. அதன் பின் மட்கும் என்று சொல்லி வேறு தாள்கள் வருகின்றன. எந்தத் தாளானாலும் நடப்பது ஒன்றுதான்: உண்டவர் எழுந்ததும் மிச்சச் சோறு, கறி, எலும்பு எல்லாம் அந்தத் தாளுக்குள்ளேயே சுருட்டப்பட்டுக் குப்பையில் விழுகின்றன. அந்தப் பொட்டலத்தை ஆடு மாட்டுக்குப் போட முடியாது, எருவாக்க முடியாது. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் திரியும் நம் புள்ளிமான்கள் குப்பை மூட்டையைக் குளம்பால் கிளறி, சோற்று வாசத்துக்குத் தாளையும் சேர்த்து மெல்லுவதைத் திருகோணமலையில் கண்ணால் காணாதவர் இருக்க முடியாது. கோணேசர் மலைக்கு வரும் பயணிகள் படம் எடுத்து மகிழும் அந்த மான்களின் வயிற்றுக்குள் நாம் சாப்பிட்டு விட்ட மிச்சம் பொட்டலமாகப் போகிறது என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை அடைக்கிறது. இந்தக் கடையில் வெறும் பீங்கான் தட்டு, சுடுதண்ணீரில் கழுவித் துடைத்தது. வாளியில் விழுவது உணவு மட்டும். முன்பு அதைப் பன்றி வளர்க்கும் ஒருவர் எடுத்துப் போனாராம்; 2024 இறுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டில் பரவியபோது, எச்சில் உணவின் வழியாகவும் நோய் தொற்றலாம் என்பதால் அதை நிறுத்திவிட்டு, இப்போது காய்ந்த இலையும் கிளிசரிடியாக் குழையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கூட்டெரு ஆக்குகிறார்கள். வெறும் சோற்றைக் குவித்தால் அழுகி நாறும்; காய்ந்த இலை இரட்டிப்பு அளவில் சேர்த்தால் நாற்றம் இல்லை. குழியருகே நின்று பார்த்தேன், உண்மைதான்.

இனி குறைகள். கடை நல்லது என்பதால் அவற்றை மறைப்பது நன்மை செய்யாது.

உச்ச நேரத்தில் பரிமாற இரண்டே பேர். பன்னிரண்டரைக்கும் ஒன்றேகாலுக்கும் இடையில் இரண்டாம் முறை சோற்றுக்குக் காத்திருந்து கை காய்ந்துபோன நாட்கள் எனக்கு நிறைய உண்டு. முதலில் குறைவாக வைக்கும் கடைக்கு, மறுமுறை விரைந்து வருவது கடமை. அது தவறும்போது, பசியோடு வந்தவர் பொறுமை இழந்து எழுந்து போகிறார். கூச்சமுள்ளவரோ கேட்காமலே அரை வயிற்றோடு போகிறார். இரண்டாவது வகையினரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தனியாக வரும் பெண்களும், புதிதாக ஊருக்கு வந்த கூலித் தொழிலாளர்களும், “இன்னும் போடுங்கோ” என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. நெரிசல் இல்லாத நேரத்தில் பரிமாறுபவர்களே போய்க் கேட்கிறார்கள். நெரிசலில் அது நடப்பதில்லை. வாளி வெறுமையாக இருப்பதற்காக ஒருவர் வயிறும் வெறுமையாக இருக்கக் கூடாது. இன்னொருவரை மதியத்துக்கு மட்டுமாவது வேலைக்கு வைக்க வேண்டும் என்று நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றே முக்காலுக்குப் பிறகு போனால் பெரும்பாலும் சாப்பாடு இல்லை. அளந்து சமைப்பதன் விலை அது, ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் வாசலில் ஒரு பலகையிலாவது எழுதிப் போடலாம். வெயிலில் நடந்து வந்தவர் உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சில நாட்களில் குழம்பில் உப்புக் கூடுதல், சொதி தண்ணீராக இருக்கும். சிறு குறைகள்.

பெரிய குறை பார்சல். மேசையில் இத்தனை கவனமாக இருக்கும் கடை, பார்சலில் மற்றக் கடைகளைப் போலவே நடந்துகொள்கிறது: ஒரே அளவு, இரண்டு பேர் உண்ணக்கூடிய சோறு, தாளில் சுற்றி, அதை மறுபடி பையில் போட்டுத் தருகிறார்கள். பார்சல் வாங்குபவருக்கு மறுமுறை போட முடியாதே, குறைவாகக் கட்டினால் ஏமாற்றியதாக நினைப்பார்கள் என்பது அவர்களுடைய பதில். பதிலில் நியாயம் இருந்தாலும், எங்கள் அலுவலகத்தில் அந்தப் பார்சல்களில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்கூடைக்குப் போவதை நாள்தோறும் பார்க்கிறேன். அரைப் பார்சல் ஒன்றைக் குறைந்த விலைக்கு வைத்தால் என்ன?

இந்தக் கடையைப் பற்றிப் பேசும்போது சிலர், ஒரு சிறு கடை திருந்தி உலகம் மாறுமா என்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 இல் உலகில் 105 கோடி தொன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில், 28 சதவீதம் உணவகங்கள் போன்ற உணவு வழங்கும் இடங்களில், 12 சதவீதம் விற்பனைக் கடைகளில். இலங்கை வீடுகளுக்கு அந்த அறிக்கை தரும் மதிப்பீடு ஆளொருவருக்கு ஆண்டுக்கு 76 கிலோ. நாளுக்கு ஏறத்தாழ 200 கிராம். தோல், முள், எலும்பு எல்லாம் அதில் அடங்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சோற்றுக் கணக்கில் பார்த்தால் அது இந்தக் கடையின் சிரட்டை அகப்பையால் ஓர் அகப்பைக்குக் குறையாது. நம் நாட்டுக் குப்பையில் பாதிக்கும் மேல் இப்படி மட்கக்கூடிய பொருள்தான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை விழுங்கியது. அந்த மேட்டில் எத்தனை வீட்டுச் சோறு கிடந்திருக்கும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துச் சுற்றுலா ஹோட்டல்களும், ஊருக்குள் இருக்கும் மண்டபங்களும் இந்தக் கடையிடமிருந்து கற்றுக்கொள்ள இடமிருக்கிறது. நோர்வே நாட்டு ஹோட்டல்களில் நடத்தி 2013 இல் வெளியான ஆய்வொன்றில், தாமே எடுத்து உண்ணும் மேசைகளில் தட்டின் அளவைச் சிறிதாக்கியபோதும், எத்தனை முறையும் வந்து எடுக்கலாம் என்று எழுதி வைத்தபோதும், வீணாகும் உணவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. விருந்தினர்களின் மனநிறைவு குறையவில்லை. மூன்று அகப்பை, முடிய முடியப் போடுவன் என்ற அந்த வாக்கும் இதே வழிதான். சென்ற ஆவணியில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மண்டபத்தின் பெயர் வேண்டாம். பெரிய தட்டுகளை அடுக்கி வைத்து, மறுமுறை வரிசையில் நிற்க வேண்டுமே என்ற பயத்தில் எல்லோரும் முதல் முறையிலேயே ப்ரைட் ரைசும் கோழியும் கணவாயும் இனிப்பும் குவித்துக்கொண்டார்கள். பின்வாசலில் கறுத்தப் பைகளில் கட்டி வைத்திருந்ததைக் கண்ட என் தாயார், வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இடம்பெயர்ந்து முகாமில் வரிசையில் நின்று சோறு வாங்கியவர் அவர்.

வீட்டில் எங்களுக்கு இந்தக் கடையால் வந்த மாற்றம் இரண்டு. ஒன்று, பால்பேணி. கண்ணளவாக அரிசி போட்ட காலம் போய், எங்கள் நான்கு பேருக்கு மதியத்துக்கு இரண்டு பேணி, இரவுக்கு ஒன்றரை என்று எழுதி அரிசிப் பானையின் மூடியில் ஒட்டியிருக்கிறோம். யாராவது வெளியே சாப்பிடுவதானால் பத்து மணிக்கு முன் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். முதல் மாதம் இரண்டு முறை சோறு போதாமல் பாண் வாங்க ஓடினோம். பிறகு அளவு பிடிபட்டது. மற்றது, குழையல். இரவு மிஞ்சும் சோற்றையும் கறிகளையும் ஒரே சட்டியில் இட்டு, அம்மா கையால் பிசைந்து, உருண்டை பிடித்து ஒவ்வொருவர் கையிலும் வைக்கிறார். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் கிடந்து, பிறகு யாரும் பார்க்காத நேரத்தில் குப்பைக்குப் போகும் கிண்ணங்கள் இப்போது எங்கள் வீட்டில் இல்லை. பிள்ளைகள் உருண்டைக்குச் சண்டை பிடிக்கிறார்கள்.

மரக்கறிச் சாப்பாடு 350 ரூபாய், மீனோடு 450. குழம்பு மீனைவிடப் பொரித்த மீனைக் கேளுங்கள். தலைச் சொதி உண்டா என்று உட்காரும்போதே விசாரியுங்கள், பிந்தினால் கிடைக்காது. பெருமழை நாட்களில் விறாந்தைக்குள் சாரல் அடிக்கும். உள்பக்க வாங்கில் இடம் பிடிப்பது நல்லது.

இதை எழுதி முடிக்கும் முன், சென்ற புதன்கிழமை, என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் வீட்டுக்குச் சாப்பாடு எடுக்க அடுக்குக் கரியரோடு போனேன். கடைக்கார அம்மா கரியரை வாங்கி, மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “வீட்டில எத்தனை பேர் தம்பி? காய்ச்சல்காரருக்கு எவ்வளவு இறங்கும்?” என்று கேட்டார். சொன்னேன். அந்தக் கணக்குக்கு அளந்து போட்டார். அம்மாவுக்குத் தனித்தட்டில் குழையச் சோறும் இரசமும். விலையையும் அளவுக்கு ஏற்றபடி குறைத்தார். கரியர் கொண்டுவருகிற எல்லோருக்கும் இப்படிப் போடலாமே என்றேன். நான்கைந்து பேர் கொண்டுவரத் தொடங்கியிருக்கிறார்கள் என்று கொப்பியைத் திறந்து, ஒரு புதிய நிரலைக் காட்டினார். தலைப்பில் “கரியர்” என்று பென்சிலால் எழுதியிருந்தது.